காஸ் கசிந்தால், காஸ் எரிந்தால்: முதல் நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியவை

காஸ் விபத்து என்றதும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, தீயை எப்படி அணைப்பது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். காஸ் வருவதை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால், நிலைமை முன்பைவிட மோசமாகிறது. தீ இருக்கும் வரை காஸ் வெளியே வந்த இடத்திலேயே எரிந்து தீர்ந்தது. அணைந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் பரவும்; எங்கோ ஒரு தீப்பொறி கிடைத்ததும் மொத்தமாகப் பற்றும். எனவே வரிசை இதுதான்: முதலில் ஆட்கள் விலக வேண்டும், அடுத்து தீப்பொறி எழாமல் பார்க்க வேண்டும், அப்புறம் காஸை நிறுத்த வேண்டும். தீயைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

கசிவது எந்த காஸ்?

இது தெரிந்தால்தான் எங்கே நிற்பது, எதைத் திறப்பது என்று முடிவு செய்ய முடியும். சிலிண்டரில் வரும் எல்பிஜி, அதாவது புரோப்பேனும் பியூட்டேனும், காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தண்ணீர்போலத் தரையோடு ஓடும். சாக்கடை, பள்ளம், அடித்தளம், லிஃப்ட் குழி எங்கும் இறங்கித் தேங்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவும் சிஎன்ஜியும் பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட லேசு என்பதால் மேலே எழுந்து கூரையடியில் சேரும். திறந்த வெளியில் மீத்தேன் சீக்கிரம் கலைந்துவிடும். எல்பிஜி அப்படிக் கலையாது, காற்று குறைவான நேரத்தில் தாழ்வான இடத்தில் வெகுநேரம் கிடக்கும்.

ஒவ்வொரு காஸும் காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்தால்தான் எரியும். மீத்தேனுக்கு அது 5 முதல் 15 சதவீதம், புரோப்பேனுக்கு ஏறத்தாழ 2 முதல் 9.5 சதவீதம், ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 சதவீதம். கீழ் எல்லை 2 சதவீதம் என்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 1 லிட்டர் திரவ எல்பிஜி ஆவியானால் சுமார் 250 லிட்டர் காஸ் ஆகும். அது காற்றில் கலந்து நீர்த்தால் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் எரியக்கூடிய கலவை கிடைக்கும். ஒரு சின்ன அறை நிரம்ப அது போதும்.

மேல் எல்லையைத் தாண்டிவிட்டால் எரியாது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். கதவைத் திறந்து காற்று உள்ளே போகும்போது, அடர்ந்திருந்த கலவை நீர்த்து, எரியும் எல்லைக்குள் வந்துதான் வெளியேறும்.

மூக்கை எவ்வளவு நம்பலாம்?

எல்பிஜிக்கும் மீத்தேனுக்கும் இயல்பாக மணம் கிடையாது. நாம் உணரும் அந்தக் கெட்ட நெடி, மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. இந்த வழக்கம் பரவலாகக் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் மணமில்லாத காஸ் சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. மரம் தேய்க்கும் ஒரு மின்கருவியை இயக்கியபோது வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள்.

மணம் சேர்த்த காஸ், எரியும் கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே தெரியவேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். சில நிமிடங்களில் 'நெடி குறைந்துவிட்டது' என்று தோன்றினால், குறைந்தது காஸ்தானா, மூக்கின் உணர்வா என்று சொல்ல முடியாது. மண்ணுக்கடியில் உடைந்த குழாயிலிருந்து வரும் காஸ், மண்ணைக் கடக்கும்போது அந்த மணத்தையே இழந்துவிடலாம். சளி பிடித்தவர், வயதானவர், தூங்குபவர் ஆகியோருக்கு நெடி தெரியாமலே போகலாம். ஆகவே நெடி அடித்தால் அபாயம் நிச்சயம். அடிக்கவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டடத்துக்குள் நெடி அடித்தால்

1. எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் தொடுமுனையில் பொறி எழும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு காஸை வெளியேற்றலாம் என்று நினைப்பதுதான் மிகக் கொடிய தவறு. இரவில் நெடி கேட்டு எழுந்தால், விளக்குப் போடாமல் இருட்டிலேயே நடக்க வேண்டும்.

2. எரியும் அடுப்பு, எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவாக இருந்தாலும் அணையுங்கள். அடுப்பின் திருகுகளை மூடி, சிலிண்டர் ரெகுலேட்டரை அல்லது குழாயின் வால்வை மூடுங்கள். போகும் வழியில் சில நொடிகளில் எட்டக்கூடியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

3. கதவு ஜன்னல்களைத் திறந்துகொண்டே வெளியேறுங்கள். ஆனால் 'உஸ்' என்ற சத்தம் பலமாகக் கேட்டாலோ, உள்ளே நுழைந்ததுமே நெடி முகத்தில் அடித்தாலோ, ஜன்னலைத் தேடிப் போக வேண்டாம். அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

4. எல்லோரையும் கூட்டிக்கொண்டு படி வழியாக இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். பக்கத்து வீட்டாரை எழுப்பக் கதவைக் கையால் தட்டுங்கள்; அழைப்பு மணியும் ஒரு சுவிட்ச்தான்.

5. நன்றாகத் தள்ளி வந்த பிறகே அலைபேசியை எடுங்கள். கட்டடத்தை ஒட்டி நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

6. மின்சாரத்தை நிறுத்தும் மெயின் சுவிட்ச், காஸ் எட்டாத வெளிப்புறத்தில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு இவையெல்லாம் நம் கை படாமலே இயங்குபவை. அவை எந்த நொடியில் இயங்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். பணம், ஆவணம், எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.

தொலைபேசியில் என்ன சொல்வது

அவசர எண்ணுக்கு அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் அவர்கள் கிளம்பிவிடலாம். அடுத்து, கசிகிறதா, எரிகிறதா? சிலிண்டரா, குழாயா, டேங்கரா? உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா? காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். வண்டிகள் எந்தச் சாலை வழியாக வரவேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

டேங்கராக இருந்தால், அதன் ஆரஞ்சு நிறப் பலகையில் உள்ள எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்க முயலுங்கள். 1075 என்றால் எல்பிஜி, 1971 அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு, 1972 குளிரூட்டித் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, 1049 ஹைட்ரஜன். தீச்சுடர் வரைந்த சிவப்புச் சாய்சதுரம் தெரிந்தாலே எரியும் பொருள் என்று பொருள். அடியில் 2 என்ற எண் இருந்தால் அது காஸ். அலைபேசி கேமராவை ஜூம் செய்து படிக்கலாம், கிட்டே போய்ப் படிக்கக் கூடாது.

சிலிண்டர் எரிந்தால்

ரப்பர் குழாயிலோ அடுப்பிலோ தீ என்றால், ரெகுலேட்டரை எட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் காஸ் எரிந்து தானாக அணைந்துவிடும். தீ சிலிண்டரின் வால்விலேயே இருந்து, சிறிதாக ஒரே பக்கமாக எரிந்தால், பயிற்சி உள்ளவர் நனைத்த கனமான பருத்தித் துணியைத் தன் பக்கமிருந்து தீயின்மேல் மூடி, அதே கையோடு வால்வை மூடிவிட முடியும். வால்வு பழுதாகி மூடாது என்று தெரிந்தால் அதை முயலவே வேண்டாம். உலர்பொடி தீயணைப்பானுக்கும் இதே நிபந்தனைதான். அணைத்த அடுத்த நொடியில் வால்வை மூட முடியும் என்றால் மட்டும் அடியுங்கள். முடியாது என்றால், எரியும் தீயை எரியவிட்டு, சுற்றியிருக்கும் மற்ற பொருட்களைத் தீ பிடிக்காமல் தூரத்திலிருந்து நனைப்பதே சரியான வேலை.

எரியும் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடும் துணிச்சலைச் சில காணொளிகளில் பார்க்கிறோம். அது கீழே சாய்ந்தால் காஸுக்குப் பதிலாகத் திரவமே பீறிட்டு வரும், தீ பல மடங்கு பெரிதாகும். எரியாமல் கசியும் சிலிண்டர் சாய்ந்து கிடந்தால், எட்ட முடிகிற நிலையில் அதை நிமிர்த்தி வைப்பது கசிவைக் குறைக்கும்.

அறையே எரிந்து, நடுவில் சிலிண்டர் நின்றால், அது நம் வேலை அல்ல. வெளியேறி, உள்ளே எத்தனை சிலிண்டர், எந்த அறையில் என்று வருகிற தீயணைப்பு வீரர்களிடம் சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

வெல்டிங்குக்குப் பயன்படும் அசெட்டிலின் சிலிண்டரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தீயில் சூடுபட்ட அசெட்டிலின், வெளித்தீ அணைந்த பிறகும் உள்ளுக்குள் சிதைந்து தானே சூடேறும், காற்றே தேவையில்லை. அதை நகர்த்தவோ தட்டவோ கூடாது. தூரத்திலிருந்து வெகுநேரம் தண்ணீர் அடித்துக் குளிர்விக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தியதும் சிலிண்டரின் மேற்பரப்பு சட்டென்று உலர்ந்தால் அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

டேங்கர் கவிழ்ந்தால், பெரிய தொட்டி கசிந்தால்

இங்கே நம்மைக் காப்பது தூரம் ஒன்றுதான். வட அமெரிக்காவில் மீட்புப் பணியாளர்கள் பயன்படுத்தும் கையேடு எல்பிஜிக்குத் தரும் அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்: கசிவு என்றாலே எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர், பெரிய கசிவு என்றால் காற்று போகும் திசையில் 800 மீட்டர், தொட்டியைத் தீ சூழ்ந்துவிட்டால் எல்லாப் பக்கமும் 1600 மீட்டர், அதாவது ஒரு மைல்.

காற்று வருகிற பக்கமாக, மேடான இடத்தை நோக்கிப் போங்கள். காஸ் உங்கள் பக்கமே வருகிறது என்றால் அதற்கு முன்னால் ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள்; மேகம் நீளமாகப் போகும், அகலம் குறைவு. தரையில் வெண்மூட்டமாகத் தெரிவது, குளிரால் காற்றின் ஈரம் திரண்ட நீர்த்துளிகள். காஸின் எல்லை அதோடு முடிவதில்லை. வெண்மூட்டத்துக்கு வெளியேயும் எரியும் அளவு காஸ் இருக்கலாம். மூட்டத்துக்குள் வண்டி மாட்டிக்கொண்டால் நின்ற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், இறங்கி நடந்து விலகுவது நல்லது.

வாகனத்தின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு, 1966 ஜனவரி 4 அன்று பிரான்சின் ஃபேசான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததைச் சொல்லலாம். புரோப்பேன் சேமிக்கும் கோள வடிவத் தொட்டியின் அடியில் தண்ணீரை வடிக்கும்போது இரண்டு வால்வுகளைத் தவறான வரிசையில் திறந்தார்கள். உறைந்துபோன வால்வை மூட முடியவில்லை. தரையோடு பரவிய காஸை, சுமார் 160 மீட்டர் தள்ளிச் சாலையில் வந்த ஒரு கார் பற்றவைத்தது. தீ திரும்பி ஓடிவந்து கோளத்தைச் சூழ்ந்தது. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காஸை வெளியே விடும் தப்பிப்பு வால்வு இந்தக் கோளத்தைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி, தண்ணீரைப் பக்கத்துக் கோளங்களைக் குளிர்விக்கத் திருப்பினார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அது வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள்.

தொட்டி வெடிப்பதற்கு முன்

அந்த வெடிப்பைத் தீயணைப்புத் துறையில் 'பிளெவி' என்பார்கள். கொதிக்கும் திரவம் சட்டென்று ஆவியாகி விரிவதால் வரும் வெடிப்பு அது. தொட்டியின் கீழ்ப்பகுதியில் திரவம் இருக்கும்வரை, அது சூட்டை வாங்கிக்கொண்டு உலோகத்தைக் காப்பாற்றும். மேற்பகுதியில் வெறும் ஆவிதான் இருக்கிறது, சூட்டை வாங்க ஆளில்லை. தீ அங்கே பட்டால் எஃகு சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். தப்பிப்பு வால்வு அழுத்தத்தைத்தான் குறைக்கும், இளகிய எஃகுக்கு அதனால் பயனில்லை. ஃபேசானில் புரியாமல் போனது இதுதான்.

அமெரிக்காவின் கிங்மன் நகரில் 1973 ஜூலை 5 அன்று, புரோப்பேன் ரயில் தொட்டியில் தீப்பிடித்து ஏறத்தாழ இருபது நிமிடத்திலேயே வெடித்தது. தண்ணீர்ப் பீரங்கிகளை நிறுவிக்கொண்டிருந்த 11 தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். சாலையில் நின்று வேடிக்கை பார்த்த ஏராளமானோர் தீக்காயம் பட்டார்கள். படம் பிடிக்க நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

தப்பிப்பு வால்வின் சீறல் வரவரக் கூர்மையாவது, தொட்டியின் மேற்பகுதி நிறம் மாறுவது, உப்புவது, உலோகம் 'டங்' என்று ஒலிப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கருவிகளை விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். தொட்டியின் முனைப்பக்கம் ஆபத்து, பக்கவாட்டில் நின்றால் பாதுகாப்பு என்ற எண்ணமும் வேண்டாம். துண்டுகள் எந்தத் திசையிலும் பறக்கும்.

களத்தில் இறங்கும் பணியாளர்களுக்கு

ஆலைகளிலும் கிடங்குகளிலும் அவசரக் குழுவில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எரியாத கசிவு என்றால் நுண்துளித் தண்ணீர்த் திரையால் காஸைக் கலைக்கலாம், திசைதிருப்பலாம். தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த திரவத்தின்மேல் தண்ணீர் அடித்தால் அது இன்னும் வேகமாக ஆவியாகும். புரோப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிப்பது, நம் தண்ணீர் அதற்கு அடுப்பு மாதிரி. தப்பிப்பு வால்வின்மேலும் தண்ணீரைச் செலுத்தாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும்.

எரியும் தொட்டியென்றால் தீ நேராகத் தாக்கும் இடத்தில், அதிலும் ஆவிப்பகுதியில், தண்ணீர் விழவேண்டும். ஆளில்லாமல் நிறுத்திவைக்கும் பீரங்கிகள் மூலம், எவ்வளவு தூரத்திலிருந்து முடியுமோ அவ்வளவு தூரத்திலிருந்து. தேவையான அளவு தண்ணீர் தொடர்ந்து கிடைக்காது என்று தெரிந்தால், ஆட்களை விலக்குவது ஒன்றே வழி.

எரியும் கீழ் எல்லையில் பத்தில் ஒரு பங்கு காஸ் இருப்பதாக டிடெக்டர் காட்டினாலே வேலையை நிறுத்தி வெளியேறுவது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. டார்ச், ரேடியோ எல்லாம் பொறி எழாத வகையாக இருக்க வேண்டும். குழிக்குள் மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற சுவாசக் கருவி இல்லாமல் இறங்கியவர்களும் அங்கேயே விழுந்த சம்பவங்கள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. கனமான காஸ் அங்கே ஆக்சிஜனைத் தள்ளிவிட்டிருக்கும்.

ஹைட்ரஜன் என்றால் பகலில் தீயே கண்ணுக்குத் தெரியாது. வெப்பக் கேமரா இல்லாத காலத்தில் ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். துடைப்பம் பற்றினால் அங்கே தீ.

தோண்டும்போது குழாய் உடைந்தால் இயந்திரத்தை அணைத்து விலகுங்கள். பள்ளத்தை மண் போட்டு மூடினால் காஸ் நிலத்தடியில் வழிதேடிப் பக்கத்துக் கட்டடத்துக்குள் புகும்.

காயம்பட்டவர்களுக்கு

உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். தீக்காயத்தை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், பெல்ட் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். ஐஸ், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

திரவ எல்பிஜி பட்டால் வருவது குளிர்க்காயம். தோல் வெளுத்து மரத்துப்போகும். அதைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல இயல்புக்குக் கொண்டுவர வேண்டும். காஸை மூச்சில் வாங்கியவரை நல்ல காற்றுக்குக் கொண்டுபோங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்குங்கள். முகத்தில் சூடு பட்டவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உள்ளே மூச்சுக்குழாய் வீங்குவது சில மணி நேரம் கழித்தும் நடக்கும்.

திரும்பிப் போவதற்கு முன், அடுத்த முறைக்கு முன்

கருவியால் அளந்து பார்த்து, பொறுப்பானவர் சரி என்று சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும். எல்பிஜி என்றால் சாக்கடை, அலமாரியின் அடிப்பகுதி, அடித்தளம். மீத்தேன் என்றால் பொய்க்கூரையின் மேற்பகுதி. இந்த மூலைகளை அளக்காமல் விட்டால் அளந்ததே வீண்.

கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை போதும், குமிழ் வரும் இடம்தான் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து கண்ட இடத்தில் தடுத்துவிடுங்கள். வீட்டில் காஸ் அலாரம் வாங்கினால் எல்பிஜிக்குத் தரைக்குச் சற்று மேலும், மீத்தேனுக்குக் கூரைக்குச் சற்று கீழும் பொருத்துங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.

ஆலை, விடுதி, உணவகம் எதுவானாலும், தலைமை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை அம்புக்குறியோடு எழுதி வையுங்கள். அதன் முன்னால் பெட்டிகளை அடுக்க விடாதீர்கள். பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல், இரவுப் பணியில் இருக்கும் ஆகப் புதிய ஆளிடம் 'போய் மூடிவிட்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். யாரையும் கேட்காமல் அவர் நேராக அந்த வால்வுக்குப் போய்ச் சேர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள்.